பெட்ரோல் கறக்கும் நேரம்

செண்பகனூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் சாயங்காலமானால் ஆண்கள் எல்லோரும் பெட்ரோல் கறக்க உட்கார்ந்துவிடுவார்கள். ராத்திரியில் யாரோ வண்டிகளிலிருந்து பெட்ரோலை உருவிக்கொண்டு போகிறார்கள் என்று அப்போது ஒரு பயம் இருந்தது. அதனால் வேலை முடிந்து வந்ததும் பைக்குப் பக்கத்தில் குந்தி, ரப்பர் குழாயைக் கழற்றி, டேங்கில் இருப்பதையெல்லாம் கேனில் இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். காலையில் திரும்ப ஊற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் வரிசையாக முதுகுகள்தான் தெரியும். என் வீட்டுக்காரர் இதில் மகா கெட்டிக்காரர், ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார். "கறந்தாச்சா?" என்று கேட்பேன். "சிரி, சிரி. திருட்டுப்போற அன்னைக்குத் தெரியும்" என்பார்.

வண்டி அவருடையது அல்ல, என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எல்லோரும் மாற்றித்தான் நினைத்துக்கொள்வார்கள், அந்தக் காலத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செல்போன் எங்கள் மலைக்கு வந்துவிட்டது, ஆனால் பூம்பாறை தாண்டினால் டவர் கிடைக்காது. கியர் வண்டி ஓட்டும் இன்னொரு பெண்ணை நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

கொடைக்கானலில் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வாரம் ஒரு நாள் தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பூம்பாறை, மன்னவனூர் வழியாகக் கிளாவரை வரை போய்வர வேண்டும். கிளாவரை என்பது எங்கள் மலையின் கடைசி ஊர் மாதிரி, அதற்கு அந்தப் பக்கம் கேரளா. பஸ்ஸில் போனால் நான் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் கேரட் பிடுங்கவும் பூண்டு தோண்டவும் காட்டுக்குப் போயிருப்பார்கள். மொபெட் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய பைக் ஒன்று வாங்கினேன். சுடிதார், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு, பின்சீட்டில் ஐஸ் வைத்த பெட்டி. பஸ் ஸ்டாண்டு முன்னால் நின்று வண்டியை உதைத்துக் கிளப்பும்போது எனக்குள் ஒரு கர்வம் வரும் பாருங்கள், அதை மறைக்க நான் ஒன்றும் சாமியார் இல்லை.

அந்த வண்டியில் எல்லாம் நன்றாக இருந்தது, பெட்ரோல் மீட்டரைத் தவிர. வாங்கிய புதிதில் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்த முள், மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கியதும் திடீரென்று படுத்துவிட்டது. பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். கடை வாசலிலேயே ரிப்பேரும் பார்ப்பார், வேலை சுத்தமாக இருக்கும். டேங்குக்குள் பெட்ரோலில் மிதந்தபடி அளவைச் சொல்லும் மிதவை ஒன்று உண்டு. அதை அடியோடு எடுத்துவிட்டுப் புதிது மாட்டினார். முள் நிமிர்ந்தது. அடுத்த மாதம் மறுபடி படுத்தது. மறுபடி மாற்றினார். இந்த முறை படுக்காமல், பாதி டேங்கில் போய் நின்றுகொண்டு அசைய மாட்டேன் என்றது.

"தங்கச்சி, மலையில மீட்டர் வேலை செய்யாது. அது ராசி அப்படி. ஒயரப் புடுங்கிவிட்டுர்றேன், நிம்மதியா போ" என்றார் பாய்.

எல்லோரும் அதைத்தான் செய்திருந்தார்கள். எங்கள் தெருவில் எந்த வண்டியிலும் முள் உயிரோடு இல்லை. வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, டேங்கில் காதை வைத்துச் சத்தம் கேட்பார்கள். சிலர் ஈர்க்குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை செய்யாவிட்டால் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஏன் கெட்டது என்று தெரிய வேண்டும். காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீட்டர் ஏறவில்லை என்றால் தெர்மாமீட்டரே வேண்டாம் என்று எறிந்துவிடுவோமா? பாயிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு மிதவையை எடுத்துப் பிரித்தார்.

அந்த மூன்றாவது மிதவையும் எனக்குத் தெரியாமல் முள்ளைப் பாதியில் நிறுத்தியிருந்தது, அதனால்தான் வினை வந்தது. காலையில் பெட்ரோல் ஊற்றுவது என் வீட்டுக்காரர், நான் முள்ளை மட்டும் பார்த்துக் கிளம்பிவிடுவேன். பூம்பாறை தாண்டிப் பைன் மரங்களுக்கு நடுவில் வண்டி இருமியது, துள்ளியது, நின்றுவிட்டது. முள்ளைப் பார்த்தால் பாதி டேங்க். அவசரத்துக்கென்று ரிசர்வ் இருக்குமே என்று டேங்குக்குக் கீழே பெட்ரோல் டேப்பைத் தடவினேன். அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. கடைசிச் சொட்டு வரை கறக்க வேண்டுமென்றால் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால்தான் முடியும். என் வீட்டுக்காரர் திருப்புவார், திருப்பி வைக்க மறந்துவிடுவார். ஆக எனக்கு ரிசர்வ் என்ற ஒன்றே இல்லாமல் இருந்திருக்கிறது.

அந்தப் பாதையில் கூப்பிட்ட குரலுக்கு யாரும் வர மாட்டார்கள். முட்டைக்கோஸ் ஏற்றப்போன காலி லாரி ஒன்று வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வண்டியையும் என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்க் கிளாவரையில் இறக்கினார்கள். நான் ஊசி போடும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருவரும் இல்லை. கைக்குழந்தைகளோடு வந்து காத்திருந்து, வெறுத்துப்போய், பெண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கூலி வேலையில் அரை நாள் காத்திருப்பதே பெரிது. பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகத் தொடங்கியிருந்தது. ஊரில் ஒருவரிடம் பெட்ரோல் கடன் வாங்கி ஊற்றிக்கொண்டு, கொண்டுபோன மருந்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபப்படவில்லை. அவர் திண்டுக்கல்காரர், நிதானமானவர், அந்த நிதானம்தான் பயமாக இருக்கும். "சிஸ்டர், வண்டிய நம்பி மருந்து அனுப்ப முடியாது. இன்னொரு தடவ இப்படி நின்னா கிளாவரை லைன ஸ்டாப் பண்ணிடுவோம். அவங்க மன்னவனூர் வந்து போட்டுக்கட்டும்" என்றார்.

சொல்லச் சுலபம். கிளாவரையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காத்து மன்னவனூர் வர எத்தனை பேரால் முடியும்? வர மாட்டார்கள். வராத பிள்ளைகளுக்கு ஊசி இல்லை, அவ்வளவுதான். இது டாக்டருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த லைனை நான் எனக்குச் சொந்தமான நிலம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் நான் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காரணம் பிடிபட்டது என் அடுப்படியில். ஒருநாள் காலை என் வீட்டுக்காரர் காப்பிக்குச் சர்க்கரை எடுக்கப்போய்க் கத்தினார். "இது என்ன, சீனி கல்லாக் கெடக்கு!"

மலையில் குடித்தனம் நடத்தும் எவளுக்கும் இது தெரியும். சர்க்கரை டப்பா நிறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. அடியில் கொஞ்சம் கிடந்தால் போதும், காலி இடத்தில் மேகத்தின் ஈரம் புகுந்து கட்டிதட்டிப்போகும். அதனால்தான் பனிக்காலத்தில் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் காலியாக விட மாட்டோம். "நேத்தே வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்ல? டப்பா காலியாக் கெடந்தா வேர்க்காம என்ன பண்ணும்?" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். அவருக்கு ஒரு லாட்ஜில் வேலை, அன்றைக்கு வெள்ளனே போக வேண்டிய ஷிப்ட். பெட்ரோலை நீயே ஊற்றிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் அடிப்பக்கம் முழுக்க முத்துமுத்தாகத் தண்ணீர். உள்ளே எட்டிப் பார்த்தேன். டேங்கின் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. ராத்திரி முழுக்கக் காலியாக நின்ற டேங்குக்குள் மேகம் புகுந்து படுத்துத் தூங்கியிருக்கிறது. கையில் கேனோடு அங்கேயே நின்றேன். சற்று முன் நான் கத்திய வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. டப்பா காலியாகக் கிடந்தால் வேர்க்காமல் என்ன செய்யும்?

அப்படியே பெட்ரோலை ஊற்றிக்கொண்டு நேராகப் பாய் கடைக்குப் போனேன். மிதவையைக் கழற்றச் சொன்னேன். அது மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பியும் அது உரசும் தகடும் துருப்பிடித்துப் பச்சையும் பழுப்புமாக இருந்தன. கீழே மதுரையிலோ வத்தலக்குண்டிலோ இப்படி யாருக்காவது ஆகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அங்கே யாராவது தினமும் டேங்கைக் காலி செய்கிறார்களா என்று கேட்டேன். பாய் தலையில் இருந்த குல்லாவைக் கழற்றி, உள்ளே ஊதி, மறுபடி போட்டுக்கொண்டார். யோசிக்கும்போது அவர் செய்வது அது.

"அட, ஆமா! பூராப் பயலும் சாயந்தரமானா எறக்கி வைக்கிறான். எங்க வீட்லயும் எறக்குறோம்" என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி, இத ஊருக்குள்ள சொல்லி என் யாவாரத்துல மண்ண அள்ளிப் போட்டுறாத!"

அன்றைக்கு நான் வண்டியில் வீடு திரும்பியதை யாராவது பார்த்திருந்தால், பெரிய பரிசு வாங்கிக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஊரில் இத்தனை ஆண்கள் இத்தனை வண்டி வைத்துக்கொண்டு ராசி என்று விட்டுவிட்ட ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

கண்டுபிடித்தது சுலபம், வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டம். இனி டேங்க் எப்போதும் நிறைய இருக்க வேண்டும், ராத்திரியும் அப்படியே இருக்க வேண்டும் என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஃபுல் டேங்க் போட்டுத் தெருவுல நிறுத்துறதுக்குப் பதிலா, திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைச்சிரு" என்றார்.

"கரி அடுப்பு எரியிற வீட்ல பெட்ரோல் கேன வச்சிருக்கீங்க, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"இத்தன வருசம் என்ன ஆச்சு?"

"ஆன பெறகு கேக்க நாம இருக்க மாட்டோம்."

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாவது ஆளாக வந்து வழி சொன்னவர் பின்வீட்டுக் குதிரைக்காரர். ஏரிக்கரையில் டூரிஸ்டுகளைச் சுற்றிக் காட்டும் மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். அவருடைய லாயத்தில் தகரக் கூரை, பலகைச் சுவர், குதிரை மூச்சின் கதகதப்பு. "வண்டிய இங்கன கொண்டாந்து நிறுத்தும்மா. தெரியாத ஆளு வாசப்படி மிதிச்சா என் குதிர தகரத்த ஒதச்சே தெருவ எழுப்பிரும்" என்றார்.

அன்று முதல் என் வண்டி குதிரைகளோடு தூங்கியது. டேங்க் நிறைய பெட்ரோல், டேப் அதற்குரிய இடத்தில், அதை யாரும் தொடக் கூடாது என்பது என் சட்டம். என் வீட்டுக்காரர் முதல் ஒரு வாரம் விடிந்ததும் விடியாததுமாக லாயத்துக்கு ஓடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். குதிரைகள் அவரைக்கூட ஒரு தடவை உதைக்கப் பார்த்தன. மற்ற ஆண்கள் வழக்கம்போல வரிசையாகக் குந்திக் கறந்துகொண்டிருந்தபோது இவர் மட்டும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலில் நின்றார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

முள் படுக்கவில்லை. பனி கொட்டியது, புல்லெல்லாம் வெளுத்தது, முள் அப்படியே நின்று நிஜத்தைச் சொன்னது. நான் அதை ஒரு நோயாளியைப் போலக் கவனித்தேன். ஏற்றத்தில் கொஞ்சம் கூட்டிக் காட்டும், இறக்கத்தில் குறைத்துக் காட்டும், சமமான ரோட்டில் சரியாகக் காட்டும். கால் டேங்க் என்றால் கிளாவரை போய்த் திரும்பி இன்னும் மிச்சம் இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

அடுத்த மழைக்காலத்தில் டாக்டர் தானே வந்து பார்க்க வேண்டும் என்றார். லைனை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அன்றைக்கு முடிவு. அவர் ஜீப்பில், நான் முன்னால் பைக்கில். அந்த வாரம் கீழேயிருந்து ஏறும் காட் ரோட்டில் மண் சரிந்து டேங்கர் லாரி மேலே வரவில்லை, பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று பலகை மாட்டியிருந்தார்கள். என் டேங்கில் கால்வாசிக்குச் சற்று மேல் இருந்தது. போதும் என்று தெரியும், கிளம்பிவிட்டேன்.

பூம்பாறை தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய தைலமரம் விழுந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு பைக் நுழையும் இடம் இருந்தது, ஜீப்புக்கு வழி இல்லை. டாக்டர் இறங்கி மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பெட்டியக் குடுங்க, நான் புடிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

மன்னவனூர் இறக்கம் நீளமானது. டாக்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி இறக்கத்தில் அவர் குரல் மாறியது.

"சிஸ்டர், முள்ளு சிவப்புக்கு வந்திருச்சு!"

"எறக்கத்துல அப்படித்தான் சார் காட்டும்."

"போன தடவையும் இப்படித்தான சொல்லியிருப்பீங்க. வண்டியத் திருப்புங்க. நடுவழியில நின்னா மருந்து மொத்தமும் போயிரும். இதுக்குத்தான் இந்த லைன் வேண்டாம்னேன்."

நான் ஓரமாக நிறுத்தினேன். ஒருவேளை தப்பாக இருந்தால்? ஒருவேளை அன்றைக்குத்தான் முள் மறுபடி கெட்டிருந்தால்? ஆனால் அந்த முள்ளை எனக்குத் தெரியும். "சார், கீழ ஏரிகிட்ட ரோடு சமமாயிரும். அங்க முள்ளு ஏறலேன்னா நானே திருப்பிடறேன். கிளாவரை லைன நானே விட்டுக் குடுத்துடறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்" என்றேன்.

மறுபடி வண்டியைக் கிளப்பி மிச்ச இறக்கத்தை இறங்கினேன். புல்வெளி வந்தது, ஏரி தெரிந்தது, ரோடு சமமானது. நான் முள்ளைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ஏறுது" என்றார் டாக்டர். சற்றுப் பொறுத்து, "கால் டேங்குக்கு வந்திருச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கவே இல்லை.

கிளாவரைப் பள்ளிக்கூடத்து வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். வளைவில் வண்டிச் சத்தம் கேட்டதுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒரு அக்கா, சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், பேரனை இடுப்பில் வைத்திருந்தார். அந்தக் குடும்பங்களில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், வாரத்தைக் கிழமை என்பார்கள். டாக்டரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. முடியெல்லாம் கலைந்து, நனைந்து, பெட்டியை மார்போடு கட்டிப்பிடித்தபடி இறங்கியவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ்ஸி, இவரு யாரு? ஒங்களுக்கு ஒத்தாசைக்குப் போட்டிருக்காங்களா?"

டாக்டர் பெட்டியை வாசலில் போட்டிருந்த மேசையில் வைத்தார். "ஆமாம்மா. பொட்டி தூக்க வந்தேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஊசி போட்டு முடிக்க மதியம் ஆனது. பெட்டியில் ஐஸ் இன்னும் கெட்டியாக இருந்தது. கிளம்பும்போது அந்த அக்கா வண்டியருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இனி மன்னவனூருக்குத்தான் வரணும்னு பேசிக்கிறாங்களே மிஸ்ஸி. அடுத்த கிழமை நீங்க இங்க வருவீங்களா, வர மாட்டீங்களா?"

அது என் கையில் இல்லை. டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, நான் ஏறுவதற்குக் காத்துப் பின்சீட்டுப் பக்கமாக நின்றிருந்தார்.

"நான் வரலம்மா" என்றார் அந்த அக்காவிடம். "மிஸ்ஸி வருவாங்க. எல்லாக் கிழமையும் வருவாங்க."

நான் சாவியைத் திருப்பினேன். முள் எழுந்து அதற்குரிய இடத்தில் நின்றது. அந்தப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் டாக்டரைப் பின்னால் உட்காரவைத்து, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினேன்.